கலப்பையுள் பத்துக் கருவிகள்



இசைக்கருவிகளை நம் முன்னோரும் பிறநாட்டாரும் எவ்வாறு இனம்பிரித்தார்கள் என்னும் விஷயத்தை நகரத்துச் சபைகளில், கண்ணாடிப் பேழைகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் நடுவே நின்று பேசுவதே வழக்கமாயிருக்க, அதனை ஜவ்வாது மலையின்மேல், ஜமுனாமரத்தூரில், சாமைக் கொல்லைகளின் காற்று வந்து புகுகின்ற இந்தக் கூடத்தில் பேசும்படி நீங்கள் பணித்தது எனக்கு முதலில் வியப்பாகவும், சற்றே சிந்தித்தபின் மிகவும் பொருத்தமாகவும் தோன்றிற்று. கூத்தர் கூட்டம் ஒன்று தன் கருவிகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்சொல்லி எடுத்துவைத்து, மூட்டை கட்டி, தோளில் சுமந்து வழிநடந்த காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்துக்காட்டுகின்ற பழந்தமிழ்ப் பாட்டு இந்த மலையடிவாரத்து நாட்டைப் பற்றியே பாடப்பட்டது.

பத்துப்பாட்டுள் பத்தாவதாகிய மலைபடுகடாம் என்னும் அந்தப் பாட்டு 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர், செங்கண்மாவில் அரசிருந்த நன்னன்சேய் நன்னனைப் பாடியது. அந்தச் செங்கண்மாவே, இந்த மலையின் தென்மேற்கே இறங்கினால் நாம் சென்றுசேரும் இன்றைய செங்கம். பாட்டில் வருகின்ற சேயாறு, இந்த மலையில் பிறந்து கீழே செய்யாறு என்று பெயர்கொண்டு ஓடுகின்ற ஆறேயாகும். 1889ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்டதற்குப் பின்னரே இது நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது என்றாலும், இதில் சொல்லப்பட்ட மலையும் அருவியும் தினைப்புனமும் உங்களுக்கு ஏட்டைப் பார்த்து அறியவேண்டியவை அல்ல.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று பத்துக் கருவிகள் வருகின்றன. முழவு பெரிய தோற்கருவி, ஆகுளி சிறுபறை, பாண்டில் உருக்கித் தட்டிய வெண்கலத் தாளம், கோடு என்பது மயிற்பீலி சூட்டிய கொம்பு, தூம்பு யானை பெருமூச்சு விடுவதைப்போல ஒலிக்கும் நெடுவங்கியம், பதலை ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்தது. இவற்றையெல்லாம் பைகளுக்குள் இட்டுக் காவின் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவர்கள் நடப்பது, கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதைப்போல இருந்ததாம். அந்தப் பைக்குக் கலப்பை என்று பெயர். இன்று உழுகின்ற கலப்பையையே நாம் அறிவோம். அன்று கலங்களை, அதாவது வாத்தியங்களை, இட்டுவைக்கும் பையும் கலப்பையே. பேரியாழை மட்டும் புலவர் இந்த மூட்டையில் சேர்க்காமல், அதன் உறுப்புகளைப் பல அடிகளில் தனியே வருணிக்கின்றார்.

இந்தப் பத்துப் பெயர்களின் வரிசையை நான் பலமுறை படித்துப் படித்து யோசித்திருக்கிறேன். முதலில் தோல், அடுத்து உலோகம், அதன்பின் ஊதுவன நான்கு என்று போகும்போது, புலவர் இனம்பிரித்தே அடுக்குகின்றார் என்று தோன்றும். ஆனால் குழலுக்குப் பிறகு வரிசை மீண்டும் கொட்டுவனவற்றுக்குத் திரும்பிவிடுகிறது. இது தவறன்று என்பதும், இரண்டுவிதமான இனம்பிரிப்பு ஒரே வரிசைக்குள் ஊடாடுவதன் விளைவு என்பதுமே என் அபிப்பிராயம். ஒன்று, கருவி எதனால் ஆயிற்று, எது அதிர்ந்து ஒலி பிறக்கிறது என்று கேட்பது. மற்றொன்று, அக்கருவி எவற்றோடு கூடி ஒலிக்கிறது, எந்தப் பைக்குள் எதன் பக்கத்தில் வைக்கப்படுகிறது என்று கேட்பது. முன்னதைக் கருவியின் குலம் என்றும், பின்னதை அதன் குடும்பம் என்றும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஆராய்ச்சி உலகம் குலத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. குடும்பத்தைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே.

குலமுறையில் தமிழ்ச் சம்பிரதாயம் கொண்ட பகுப்பு நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது: தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி. வடமொழியில் பரதருடைய நாட்டிய சாஸ்திரம் ததம், அவனத்தம், கனம், சுஷிரம் என்று நான்காகச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒன்றே என்று பாடநூல்களில் அருகருகே எழுதிவிடுவது எளிது. சொற்களை நிறுத்தி வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும். ததம் என்பது இழுத்துக் கட்டப்பட்டது, அவனத்தம் போர்த்து மூடப்பட்டது, கனம் திண்ணியது, சுஷிரம் உள்ளே வெளியுடையது. நான்கும் பொருளின் நிலையைக் குறிக்கின்ற சொற்கள். நம்முடைய பெயர்களில் தோலும் நரம்பும் கஞ்சமும் பொருளைச் சுட்ட, துளை வடிவத்தைச் சுட்டுகிறது. மிடறோ மனித உடம்பின் ஓர் உறுப்பு. சாஸ்திரக் கண்கொண்டு பார்ப்பவர் இதை ஒழுங்கின்மை என்பார். கஞ்சம் என்பது வெண்கலம். அப்படியானால் மண்ணாலாகிய கடத்தை எங்கே வைப்பது என்று கேட்பார். இரும்புச் சட்டத்தைப் பல்லிடுக்கில் வைத்து, அதன் நாக்கை விரலால் சுண்டி, வாயையே குடமாக்கி வாசிக்கின்ற மோர்சிங்கை எங்கே வைப்பது என்றும் கேட்பார். நியாயமான கேள்விகளே. ஆயினும், பாடுகிறவனுடைய மிடற்றையும் கருவிகளுள் ஒன்றாக எண்ணி, மற்றக் கருவிகளோடு ஒரே வரிசையில் உட்காரவைத்த அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. பாட்டுக்காரன் எசமானன், வாத்தியக்காரன் ஏவலாள் என்னும் எண்ணம் அங்கே தலைகாட்டவில்லை.

பரதரின் நான்கு பகுப்பு கடல்கடந்து சென்ற கதையையும் இங்கே சொல்லவேண்டும். கல்கத்தாவில் வாழ்ந்த சௌரீந்திர மோகன் தாகூர் என்னும் பெருஞ்செல்வர், 1875ஆம் ஆண்டில் யந்திரகோசம் என்னும் வாத்திய நூலை வெளியிட்டவர். அதற்கு அடுத்த ஆண்டு பெல்ஜிய நாட்டு அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு நூறுக்குச் சற்றுக் குறைந்த இந்திய வாத்தியங்களைக் காணிக்கையாக அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் நகரத்து இசைக்கல்லூரியில் 1877இல் தோன்றிய கருவிக் காட்சிசாலைக்கு அவை சென்றன. அதன் காப்பாளராக அமர்ந்த விக்டர் மாஹியோன் என்பவர், தம் கையிலிருந்த ஐரோப்பியப் பகுப்பைக்கொண்டு அந்த வாத்தியங்களை அடுக்க இயலாமல் தவித்திருக்க வேண்டும். ஐரோப்பியச் சங்கீதக்காரர்கள் தந்தி, ஊதல், தட்டல் என்று மூன்றாகப் பேசிப் பழகியவர்கள். தோல் போர்த்த பேரிகையும் தோலில்லாத தாளமும் அவர்களுக்குத் தட்டல் என்னும் ஒரே அறைக்குள் கிடந்தன. 1880இல் மாஹியோன் வெளியிட்ட விளக்கப் பட்டியலில், தாமே ஒலிப்பன, தோல் அதிர்வன, காற்று அதிர்வன, தந்தி அதிர்வன என்னும் நான்கு வகுப்புகள் நின்றன. பரதர் வகுத்த நான்கு அறைகளே அவை. பின்னர், 1914இல், பெர்லின் அறிஞர்களான எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டலும் குர்ட் ஸாக்ஸும் அந்த நான்கையும் அடித்தளமாகக்கொண்டு, நூலகங்களில் புத்தகங்களுக்கு இடுகின்ற டியூயி தசம எண்களைப்போல ஒவ்வொரு கருவிக்கும் எண்கொடுக்கும் முறையை வகுத்தார்கள். மின்சாரத்தால் ஒலிப்பனவற்றை ஐந்தாம் வகுப்பாக ஸாக்ஸ் 1940இல் சேர்த்தார். இன்று உலகத்தின் பல காட்சிசாலைகளில் இந்த எண்களைக் காணலாம். நாகசுரத்துக்கு 422.112: காற்றதிரும் வகுப்பில், சீவாளி வைத்து ஊதுவதில், இரட்டை நாக்குடையதில், ஒற்றைக் குழலில், கூம்பிய துளையுடையது. நாட்டிய மேடைக்கென்று ஒருவர் செய்த பகுப்பு, அந்த மேடையையே கண்டிராத தேசத்தின் எண்களுக்குள் உயிரோடிருப்பதை நினைக்கும்போது நமக்கு உள்ளபடியே மகிழ்ச்சி உண்டாகிறது.

இந்த முறையின் வலிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெயர் நம்மை ஏமாற்றுமிடத்தில் அது ஏமாறுவதில்லை. நம் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் வாசிக்கும் முகவீணையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் வீணை இருக்கிறது. ஆனால் தந்தி ஒன்றுகூட இல்லாத, சீவாளி பொருத்திய, ஒரு முழம்கூட நீளமில்லாத ஊதுகுழல் அது. முகத்தால் வாசிக்கும் வீணை என்று யாரோ ஒரு ரசிகர் உள்ளம் நெகிழ்ந்து இட்ட பெயர்போலும். காட்சிசாலை எண் அதை நாகசுரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும்; அது சரியே.

ஆனால் பெயர் ஒன்று, குலம் இரண்டு என்று வரும்போது என்ன செய்வது? மலைபடுகடாத்தின் பத்துக் கருவிகளுள் தட்டை என்று ஒன்று வந்ததே, அதற்கு நச்சினார்க்கினியர் கரடிகை என்று பொருள் உரைக்கிறார். கரடிகையோ கரடி உறுமுவதைப்போல ஒலிப்பதால் அப்பெயர் பெற்ற தோற்கருவி. அதே உரையாசிரியர், குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்களின் கையிலிருக்கும் தட்டையை, மூங்கிலைக் கணுவுக்குக் கணு பலவாகப் பிளந்து, ஒன்றில் அடித்து ஓசையெழுப்பிக் கிளியை ஓட்டும் பொருள் என்கிறார். கூத்தன் பைக்குள் இருக்கும்போது தோல், குறத்தி கையில் இருக்கும்போது மூங்கில்! அவர் இடம் அறிந்து பொருள் சொன்னார். அரங்கேறும் கருவிகளின் வரிசையில் கிளி கடியும் மூங்கில் வாராது என்று அவர் கருதியிருக்கலாம். வாராது என்பது உறுதிதானா என்று நான் ஐயுறுகிறேன். புனத்தில் கிளியை ஓட்டிய மூங்கில், இரவில் கூத்தின் நடுவே நின்று அரித்தெழும் குரலைத் தந்திருக்கவும் கூடும். உரையாசிரியரை மறுக்கும் துணிவால் இதைச் சொல்லவில்லை. எது வாத்தியம், எது வேலைக்கருவி என்று நாம் இழுக்கும் கோடு மலையில் அவ்வளவு நேராக ஓடுவதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி, மனத்துக்கு உகப்பில்லாத ஒரு பகுதிக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், அரங்கேற்றுகாதை உரையில் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர்சொல்லித் தொகுத்துத் தந்திருக்கின்ற உபகாரத்துக்குத் தமிழுலகம் என்றும் கடப்பாடுடையது. பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், திமிலை, குடமுழா, தக்கை, தண்ணுமை, தடாரி, துடி என்று ஓடுகின்ற அந்த வரிசை இல்லையேல், இவற்றுள் பாதியின் பெயர்கூட நமக்கு எட்டியிராது. தொகுத்தவர் அதனோடு நில்லாமல், அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என்று அவற்றை ஏழாகப் பகுக்கிறார். நாழிகை அறிவிக்கும் பறையை நாண்முழவு என்றும் துடியைக் காலைமுழவு என்றும் பயன்நோக்கிப் பெயரிட்டது அழகே. ஆனால் அகமுழவு உத்தமம், அகப்புறமுழவு மத்திமம், புறமுழவு அதமம் என்று தரம் வைத்ததும், சாக்காட்டு வீட்டில் ஒலிக்கும் நெய்தற்பறையை எல்லாவற்றுக்கும் வெளியே புறப்புறத்தில் நிறுத்தியதும் எனக்கு வருத்தந் தருவன. தோல் ஒன்றே, அதை இழுத்துக் கட்டும் வாரும் ஒன்றே, அடிக்கிற கைக்கு வேண்டிய பயிற்சியும் ஒன்றற்கொன்று குறைந்ததன்று. மங்கல மனைக்குப் போனது உத்தமம், பிணத்தின் முன் போனது கடைசி என்றால், அங்கே தரம் பெற்றது கருவியா, கருவியை வாசித்த மனிதனா? குலம் என்னும் சொல்லை நான் மேலே எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். கருவிகளுக்கு வகுத்த அறைகள் மெல்ல மெல்ல மனிதர்களுக்குச் சுவர்களாகி, பறை வாசித்தவர்கள் சுவருக்கு வெளியே எவ்வளவு காலம் நின்றார்கள் என்பதை இந்த அவையிலிருக்கும் முதியோர் அறிவார்கள்.

தரம்பிரிப்பது பொருந்தாது என்பதற்கு விஞ்ஞானமும் ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. 1920இல் சர் சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரையில், சாதாரணப் பேரிகைத் தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் கலவரப்படுகின்றனவென்றும், நம் மிருதங்கத்தின் வலந்தலையிலோ, இரும்புச்சத்துள்ள கல்லின் பொடியையும் சோற்றையும் அரைத்துப் பூசுகின்ற கரணையின் பாரத்தால், மேலெழும் ஒலிகள் தந்தியில் எழுவனபோலவே முழு எண் விகிதத்தில் அமைகின்றனவென்றும் காட்டினார்கள். தோல் தன் குலத்தை விட்டு நரம்பின் குணத்தை எய்திவிடுகிறது. பேர்தெரியாத எந்தக் கைவினைஞனோ எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் சோற்றைப் பிசைந்து பூசிப்பார்த்துக் கண்டுபிடித்தான். அவன் செய்த காரியத்தை அளந்து சொல்ல ஒரு ராமன் வேண்டியிருந்தது.

தொல்காப்பியருடைய வழி இவையெல்லாவற்றிலும் வேறானது. ஒரு நிலத்தின் கருப்பொருள் இவையென்று எண்ணுமிடத்தில், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் அவர் சேர்த்துவைத்தார். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று விரித்தார்கள். இந்தக் கணக்கில் பறை என்பது மரமும் பறவையும்போல அந்த மண்ணில் முளைத்த ஒன்று. நெல்லரிகிணையைக் கொண்டுவந்து மலையில் அடித்தால் தோல் அதிரும், பொருள் பிறக்காது. உத்தமமும் அதமமும் இங்கே இல்லை. நிலம் வேறு, தொழில் வேறு, ஆகவே பறை வேறு. இதைவிட நாகரிகமான பகுப்பை நான் எந்த நாட்டு நூலிலும் படித்ததில்லை.

இனி என் இளமைக்கால அனுபவம் ஒன்றைச் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். இந்த மலையின் கிழக்கடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் நடக்கும். புரிசையைப்போன்று பெயர்பெற்ற கூத்தூர்களுக்குப் பஞ்சமில்லாத பிரதேசம் அது. இரவு ஒன்பது மணிக்குமேல் களரி கட்டத் தொடங்குவார்கள்: மிருதங்கம், டோலக்கு, தாளம், முகவீணை, ஆர்மோனியப் பெட்டி. ஐந்தும் ஒரே நீள்பலகையில் நெருங்கி அமர்ந்திருக்கும். முகவீணைக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவார். பெட்டிக்காரர் அதை வாங்கித் தரையில் பரப்புவார். தாளம் அதற்குக் கரை கட்டும். பிறகே மிருதங்கம் வாய்திறக்கும். விடியற்காலையில், ஆட்டம் முடிந்தவுடன், அவை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிமூட்டைக்குள் போகும். பனி குத்தாதபடி மிருதங்கத்துக்குப் பழைய போர்வை. முகவீணை அந்தப் போர்வையின் மடிப்புக்குள். தாளம் ஒரு சுருக்குப்பையில். மூட்டை கட்டுகிறவருக்குக் கைகள் கண்ணை நாடவில்லை. எதற்குப் பக்கத்தில் எது என்பது அவருக்கு அவ்வளவு பழக்கம். மலைபடுகடாத்தின் கலப்பையைப் பல ஆண்டுகள் கழித்து ஏட்டில் படித்தபோது, அந்த விடியற்காலைத் துணிமூட்டையே என் கண்முன் வந்தது.

அந்தப் பலகையின்மேல் இருந்த ஐந்தும் பல குலத்தைச் சேர்ந்தவை அல்லவா? மிருதங்கமும் டோலக்கும் தோல், தாளம் கஞ்சம், முகவீணை துளை. ஆர்மோனியமோ துருத்தியால் காற்றை உந்தி உலோக நாக்கை அதிரச்செய்வது. ஐரோப்பாவிலிருந்து வந்த வழிப்போக்கன். அது நம் பகுப்பில் எந்த அறைக்கும் ஒழுங்காகப் பொருந்தாத காரணத்தால் மக்கள் அதைப் பெட்டி என்றே சொல்லிவிட்டார்கள். குலம் விசாரியாமல் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சங்கீதச் சபையில் முத்துசுவாமி தீக்ஷிதரின் தம்பி பாலுசுவாமி தீக்ஷிதர் பிடிலைக் கைக்கொண்டதும் இப்படிப்பட்ட தத்தெடுப்பே. பம்பைக்காரர்களைப் பாருங்கள்: மரத்தாலானது ஒன்று, வெண்கலத்தாலானது ஒன்றாக இரண்டு தோற்கருவிகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, உடுக்கையையும் கைச்சிலம்பையும் கூடச் சேர்த்துக்கொண்டு அம்மனை அழைக்கிறார்கள். சிலம்பின்றிப் பம்பை தனியே ஊருக்குள் வந்தால் பாட்டு நடவாது. நாகசுரமும் தவிலும் கூடினால் பெரிய மேளம்; சதிர்க் கச்சேரிக் கூட்டம் சின்ன மேளம்; செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்தில் பறைக்குழுவையும் பெரிய மேளம் என்றே பெருமையோடு வழங்குகிறார்கள். நம் ஜனங்கள் கருவிகளை இனம்பிரித்த சொல் இந்த மேளம் என்பதே. மேளம் என்றால் கூட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவரும், நான்கு குலங்களைச் சொல்லியபின், தனித்து ஒலிப்பன, பாட்டைத் தொடர்வன, ஆட்டத்தைத் தொடர்வன, இரண்டையும் தொடர்வன என்று வேறொரு நான்கையும் வைத்திருக்கிறார். சாஸ்திரகாரருக்கும் குடும்பம் தெரிந்தேயிருந்தது. பிரஸ்ஸல்ஸுக்குக் கப்பலேறியது குலம் மட்டுமே.

இந்த வேற்றுமையை விளக்குவதற்கு உங்கள் மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காவலூரில் வானியலறிஞர் வைணு பாப்புவின் முயற்சியால் எழுந்த வானாய்வுக்கூடத்தை நீங்கள் அறிவீர்கள். 1977இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்கள் வெளிப்பட்ட இரவில் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அக்கிரகத்தை நோக்கியே இருந்தது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கித் திறக்கப்பட்டது. விண்மீன்களை அவற்றின் ஒளியைப் பிரித்து நிறமாலை பார்த்து வகுப்பது ஒரு முறை: அம்முறையில் நம் சூரியனும் ஆல்பா செண்டாரியின் பெரிய மீனும் ஒரே வகுப்பு. கார்த்திகை என்று கூட்டமாக எண்ணுவது மற்றொரு முறை: அந்தக் கொத்தில் நீலமாய் எரியும் பெரிய மீன்களும், கண்ணுக்கே தெரியாத செம்மங்கலான சிறுமீன்களும், நிறமாலையில் வெவ்வேறு வகுப்பாயிருந்தும், ஒன்றாய்ப் பிறந்து ஒன்றாகவே வான்வழி செல்கின்றன. வானநூலார் இரண்டு கணக்கையும் எழுதிவைக்கிறார்கள். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் மீனைப் பற்றிய செய்தி பாதியே என்பது அவர்களுக்குத் தெரியும்.

கருவிகளுக்கு நாம் அந்தப் பாதியையே எழுதியிருக்கிறோம். ஒரு நகரத்துக் காட்சிசாலையில் இந்தப் பக்கத்து மலைப்பறை ஒன்றைப் பேழைக்குள் கண்டேன். தோற்கருவி, மரச்சட்டம், விட்டம் இத்தனை அங்குலம் என்று பலகையில் எழுதியிருந்தது. அடிகுச்சி இல்லை. தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவார்கள் என்னும் செய்தி இல்லை. எந்த ஊர், எந்தத் திருவிழா, அதனோடு சேர்ந்து வேறெவை ஒலித்தன, எந்த நாளில் அதைத் தொடமாட்டார்கள் என்று ஒரு சொல் இல்லை. தோல் தளர்ந்து நடுவில் குழிந்திருந்தது. எழுதியவை யாவும் உண்மையே. எனினும் அதன் குடும்பம் முழுவதும் இறந்தபின் எஞ்சிய அனாதையைப்போல அது எனக்குத் தோன்றி, அந்தப் பேழையை விட்டுப் போக நெடுநேரம் கால் வரவில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் எடுக்கின்ற கருவிகள் ஒவ்வொன்றையும் பற்றி ஒரு தாள் எழுதுங்கள். முதற்பக்கத்தில் அதன் குலம்: எந்த மரம், எந்தத் தோல், யார் செய்தார், எங்கே அடிக்கிறார். மறுபக்கத்தில் அதன் குடும்பம்: எவற்றோடு வாசிக்கிறார்கள், யார் முதலில் தொடங்குகிறார், மூட்டையில் எதற்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். வாசிப்பவர் தம் வாயால் சொல்லும் பெயரையே எழுதுங்கள். புத்தகப் பெயரைத் திணிக்கவேண்டாம். மறுபக்கத்தை எழுத அதிக நாள் ஆகும். வாசிப்பவர்களுடன் இரவெல்லாம் விழித்திருந்தாலொழிய அது கிடைக்காது.

நேற்று மாலை இங்கே வரும் வழியில், மலைவளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தியபோது, சாமை முற்றிய கொல்லையில் ஒரு மூதாட்டி எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கழியால் தட்டிக் குருவி ஓட்டிக்கொண்டிருந்தாள். அருகே சென்று, "அம்மா, இதற்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "தகரத்துக்கு என்னாப்பா பேரு, குருவி ஓட்டற தகரந்தான்" என்றாள். ஸாக்ஸின் எண்ணில் அது முதல் வகுப்பு, தானே ஒலிப்பது. தொல்காப்பியரின் கணக்கில் குறிஞ்சியின் கருப்பொருள். மூங்கில் தட்டை போய்த் தகரம் வந்தது, தோலுமில்லை, மூங்கிலுமில்லை. மலைபடுகடாம், தொடக்கத்துப் பத்துக் கருவிகளைக் கட்டி மூடியபின், மலையேறிச் செல்லும் வழியில் எழுகின்ற ஓசைகளை வேறொரு நீண்ட வரிசையாக எண்ணுகிறது. அருவியும் யானையும் அதில் உண்டு. மான்தோல் போர்த்த சிறுபறை ஒலிக்க மலையுச்சியில் குறவர் ஆடும் குரவையும் உண்டு. தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும் உண்டு. கூத்தனுடைய கலப்பைக்குள் அடங்காத அந்த வரிசையில்தான் பாட்டுக்கே பெயர் பிறந்தது. மூதாட்டி பேசிமுடித்துவிட்டு மீண்டும் தட்டினாள். இரண்டு விரைந்த அடி, ஒன்று தாழ்ந்தது. பள்ளத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கொல்லையிலிருந்து, வேறொரு தகரம் அதே மூன்று அடியில் மறுமொழி சொல்லிற்று.